ஆறு சனிக்கிழமைகளில் மாயர் சமூகம்: தல்லாகுளம் மாலை வகுப்பு ஒன்றின் மதிப்புரை

மதுரை தல்லாகுளத்தில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையின் இரண்டாம் மாடியில், சனிக்கிழமைதோறும் மாலை நாலரை மணி முதல் ஆறரை மணி வரை, நடு அமெரிக்காவின் பண்டைய மாயர் சமூகத்தின் படிநிலைகளைப் பற்றி ஆறு வார வகுப்பு ஒன்று நடந்து முடிந்திருக்கிறது. கட்டணம் 1,800 ரூபாய். 84 பக்க ஒளிநகல் கையேடும், இடைவேளையில் தேநீரும் சுண்டலும் அதில் அடக்கம். மேலூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆவண எழுத்தராக இருந்து, இப்போது தொழிலை மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருக்கும் எனக்கு, யாருடைய பெயர் ஏட்டில் ஏறும், யாருடைய பெயர் ஏறாது என்பது வெறும் வரலாற்றுக் கேள்வி அன்று. கைப்பழக்கத்தோடு ஒட்டிவிட்ட கேள்வி. அந்த ஆவலில்தான் சேர்ந்தேன். ஆறு வகுப்புகளிலும் இருந்து குறிப்பெடுத்தவன் என்ற முறையில், அடுத்த தொகுதியில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வசதிகளை முதலில் சொல்லிவிடலாம். மின்தூக்கி கிடையாது, முழங்கால் வலி உள்ளவர்கள் செங்குத்தான இரண்டு மாடிப் படிகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மைக் இருந்தது, ஆனால் பின்வரிசைக்கு எட்டவில்லை. தலைக்கு மேலிருந்த ஒரு மின்விசிறி எழுப்பிய கடகடச் சத்தத்தைக் கடைசி வாரம் வரை யாரும் சரிசெய்யவில்லை. கோரிப்பாளையம் நெரிசலில் பேருந்து நின்றுவிட்டதால் நான் இரண்டு முறை தாமதமாகப் போனேன்; அது அவர்கள் குற்றம் அன்று. சுண்டல் நன்றாக இருந்தது. வகுப்பில் இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் இருந்தோம்: போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பாதிப் பேர், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சிலர், தெற்குமாசி வீதியில் நகைப்பட்டறை வைத்திருக்கும் ஒருவர், மற்றவர்கள் என்னைப் போலப் பொழுதும் ஆர்வமும் உள்ளவர்கள். ஆசிரியர் தொல்லியல் படித்த இளைஞர். திரையில் உள்ளதை அப்படியே வாசிக்காமல், நிறுத்தி, தூய்மையான தமிழில் விளக்கக் கூடியவர். வயதில் பெரியவர்களை ஐயா, அம்மா என்று அழைத்து, கேள்வி எவ்வளவு எளியதாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

கையேட்டைப் பற்றித்தான் எனக்கு மனக்குறை. அட்டையில் அச்சிட்டிருக்கும் வட்டக்கல், மாயர்களின் நாள்காட்டி என்று பலரும் தவறாக நம்பிக்கொண்டிருக்கும் ஆஸ்டெக்குகளின் சூரியக்கல். 1790-இல் மெக்சிகோ நகரத்தின் நடுச் சதுக்கத்தில் தோண்டியபோது கிடைத்தது. மாயர்களைப் பற்றிய கையேட்டின் முகப்பில் வேறொரு மக்களின் கல்லைப் போடுவது, கிரயப் பத்திரத்தில் அடுத்த வீட்டின் நான்கு எல்லைகளை எழுதிவிடுவதைப் போன்ற பிழை. உள்ளேயும் பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். அரசனைக் குறிக்கும் சொல்லை ‘அஹாவ்’ என்று ஒலிக்க வேண்டும். கையேடு ‘அஜாவ்’ என்கிறது. ‘ஸஹால்’ என்ற பட்டம் ‘சஜால்’ ஆகியிருக்கிறது. ஆசிரியர் வாயால் சரியாகச் சொல்வதும், கையில் உள்ள தாள் வேறொன்று சொல்வதும் முதல் இரண்டு வாரம் குழப்பமாக இருந்தது. கையேட்டை எழுதியவர் வேறு ஆளாக இருக்க வேண்டும்.

முதல் வாரம் அறிமுகம். இன்றைய மெக்சிகோவின் தென்பகுதி, குவாத்தமாலா, பெலீசு, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் ஆகிய நாடுகளில் பரவியிருந்த மாயர் உலகம் ஒரு பேரரசாக இருந்ததே இல்லை என்பதையும், கி.பி. 250 முதல் 900 வரையிலான செவ்வியல் காலத்தில் பல அரசுகள் ஒன்றோடொன்று மணமுடித்தும் போரிட்டும் வாழ்ந்தன என்பதையும் சொன்னார். மூவேந்தரையும் வேளிரையும் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். வானிலிருந்து லேசர் கதிர்களால் அளந்து, குவாத்தமாலாவின் பெத்தேன் காட்டுக்கு அடியில் 61,000-க்கும் மேற்பட்ட கட்டட எச்சங்களைக் கண்டறிந்து, 2018-இல் வெளியான ஆய்வின் படங்கள் அழகாக இருந்தன. அந்த ஆய்வு மாயர் உலகின் நடுத் தாழ்நிலப் பகுதி முழுவதற்குமான மக்கள்தொகையை 70 லட்சம் முதல் 1.1 கோடி வரை மதிப்பிட்டது. அந்தக் கோடிப் பேரில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும் என்று அப்போதே என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். அன்றைக்கு ஒரு பெரியவர், நம் மயனும் அந்த மாயரும் ஒன்றா என்று கேட்டார். மதுரையில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் வியப்பு. ஆசிரியர், நம் மரபில் வரும் தெய்வத் தச்சனுக்கும் யுகத்தான் தீபகற்பத்து வழக்கிலிருந்து பரவிய அந்த மக்கட்பெயருக்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை என்று இரண்டே வாக்கியத்தில் முடித்தார். மனம் நோகாமலும் வளவளக்காமலும் சொன்னதற்காகவே அவருக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம்.

இரண்டாம் வாரம் மேல்தட்டுக்கு உரியது. அரசனுக்கு ‘குஹுல் அஹாவ்’, அதாவது தெய்வத்தன்மை வாய்ந்த தலைவன் என்று பெயர். பாலென்கே நகரத்தின் கினிச் ஹனாப் பகால் 603-இல் பிறந்து, 615-இல் பன்னிரண்டு வயதில் அரியணை ஏறி, 683-இல் இறக்கும் வரை ஆண்டவர். அவருடைய கல்லறை கோயிலுக்கு அடியில் 1952-இல் திறக்கப்பட்டது. கோப்பான் நகரத்தில் 776-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சதுரக் கல்லின் நான்கு பக்கங்களிலும், பக்கத்துக்கு நால்வராகப் பதினாறு அரசர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாமவர் பதினாறாமவருக்குச் செங்கோலை நேராக நீட்டுகிறார். இடையில் முந்நூற்றைம்பது ஆண்டுகள். இதைப் பார்த்தபோது எனக்கு மூலப்பத்திரம்தான் நினைவுக்கு வந்தது. இடையில் எத்தனை கை மாறியிருந்தாலும், முதல் உரிமை எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டினால்தான் கடைசிக்காரருக்கு உரிமை செல்லும். அந்த முதலாமவரான கினிச் யாஷ் குக் மோ உள்ளூர்க்காரரே இல்லை, 426-ஐ ஒட்டி வெளியிலிருந்து வந்தவர் என்பதைக் கல்வெட்டும் எலும்பாய்வும் சேர்ந்து காட்டுவது சுவையான முரண்.

மேலோரைக் குறிக்கப் பிற்கால யுகத்தானில் வழங்கிய ‘அல்மெஹென்’ என்ற சொல்லுக்கு ஆசிரியர் கொடுத்த விளக்கம், என்னளவில் கட்டணத்தில் பாதிக்கு ஈடானது. ‘அல்’ என்பது தாய் தன் பிள்ளையைக் குறிக்கும் சொல். ‘மெஹென்’ என்பது தந்தை தன் மகனைக் குறிக்கும் சொல். இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கூடியவன், அதாவது தாய்வழியையும் தந்தைவழியையும் பெயர் சொல்லி நிறுவக் கூடியவன் மேலோன். பொதுமக்களுக்கு வழங்கிய ‘மாசெவால்’ என்ற சொல்லோ மாயர் மொழிச் சொல்லே இல்லை. மத்திய மெக்சிகோவின் நாவாட் மொழியிலிருந்து வந்த இரவல். உயர்ந்தவனுக்குச் சொந்த மொழியில் வம்சம் கூறும் பெயரும், மற்றவர்களுக்கெல்லாம் மொத்தமாக ஓர் அயற்சொல்லும் வழங்கியிருக்கின்றன.

மூன்றாம் வாரம் அரசவைப் பட்டங்கள். இதில் நான் தன்னலத்தோடு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் எழுத்தர்களின் முறை அன்றைக்குத்தான் வந்தது. மாயர்களிடம் எழுத்தர் கூலிக்கு எழுதுபவர் அல்லர். எழுதுபவரும் தீட்டுபவரும் ஒருவரே. இரண்டு செயலுக்கும் சொல்லும் ஒன்றே. கோப்பானில் பிரபு ஒருவரின் மாளிகை முகப்பிலேயே, கையில் தூரிகையும் சங்கை அறுத்துச் செய்த மைக்கூடும் ஏந்திய உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே அவர் அமர்ந்த கல் மேடையில் அவருக்கென்றே கல்வெட்டு உண்டு. குவாத்தமாலாவின் அகுவாத்தேகா நகரம் கி.பி. 810-ஐ ஒட்டித் திடீரெனத் தாக்கப்பட்டு எரிந்தபோது, பிரபுக்களின் வீடுகளில் பொருள்கள் கிடந்தது கிடந்தபடியே புதைந்துவிட்டன. அவற்றை அகழ்ந்தபோது, எழுத்துக் கருவிகளும், கல் செதுக்கப் பயன்பட்ட சிறு கோடரிகளும் பிரபுக்களின் வீடுகளுக்குள்ளேயே கிடைத்தன. உயர்குடி என்றால் கையால் வேலை செய்யாதவர் என்ற நம் எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. ஷுல்துன் என்ற இடத்தில் 2010-இல் கண்டறியப்பட்ட சிறிய அறையின் சுவரில், வானியல் கணக்குகளுக்கு அருகே, ஒரே மாதிரி உடையணிந்த சிலர் தீட்டப்பட்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவருக்கு மூத்தவர் என்றும் இன்னொருவருக்கு இளையவர் என்றும் பொருள்படும் பட்டம், அண்ணன் தம்பியைக் குறிக்கும் உறவுச் சொற்களாலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தொழிற்கூட்டத்துக்குள் இளையவராகச் சேர்ந்து மூத்தவராக உயரும் வழி இருந்திருக்கலாம் என்பதற்கு, நான் கேட்டவற்றுள் உறுதியான தடயம் இதுவே. ஆசிரியர் இதை ஐந்து நிமிடத்தில் கடந்துவிட்டார். இன்னும் நின்றிருக்கலாம்.

அன்று நடுவில் மின்சாரம் போய், கைபேசி வெளிச்சத்தில் முக்கால் மணி நேரம் வெறும் கேள்வி பதிலாகவே நடந்தது. ‘ஸஹால்’ என்பது அரசனுக்குக் கீழே சிற்றூர்களை ஆண்ட தலைவரின் பட்டம் என்று அவர் சொல்லியிருந்தார். நகைப்பட்டறைக்காரர், அந்தப் பட்டம் பிறப்பால் வருமா, அரசன் கொடுப்பதா என்று கேட்டார். இரண்டும் கலந்தது என்றார் ஆசிரியர். ஏறும் சடங்கு அரசன் முன்னிலையில் நடக்கும். ஆனால் ஏறுபவர் பெரும்பாலும் ஏற்கெனவே பிரபுவின் பிள்ளை. நம் பக்கத்தில் ஏனாதி, காவிதி, எட்டி என்று வேந்தர்கள் பட்டம் கொடுத்ததையும், மாங்குளம் குகைக் கல்வெட்டில் வெள்ளறை வணிகர் குழுவின் காவிதி ஒருவர் வருவதையும் நான் சொன்னேன். வணிகருக்குப் பட்டம் கிடைத்ததா என்று அவர் ஆர்வத்தோடு கேட்டுக் குறித்துக்கொண்டார். வெளிச்சம் வந்ததும் திரையில் காட்டும் படங்களுக்குத் திரும்பிவிட்டோம். அதில் எனக்குச் சிறு வருத்தம்.

நான்காம் வாரம்தான் இந்த வகுப்பின் உச்சம். இதற்கு மட்டும் தனிக்கட்டணம் வாங்கினாலும் கொடுக்கலாம்.

எல் சால்வடோரில் உள்ள ஹோயா தே செரேன் என்ற சிற்றூர், கி.பி. 600-ஐ ஒட்டிய காலத்தில், அருகில் வெடித்த எரிமலையின் சாம்பலுக்கு அடியில் புதைந்து, 1976-இல் மண்வாரி இயந்திரம் தற்செயலாக இடித்தபோது வெளிப்பட்டது. 1993-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அரசனும் பிரபுவும் இல்லாத வெறும் உழவர் வீடுகள் அவை. உறங்க ஓர் அறை, சமைக்க ஒரு தனிக் கூடம், சரக்கு வைக்க ஒரு தனிக் கட்டடம் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் பல கட்டடங்கள் இருந்திருக்கின்றன. அந்த வீடுகளில் வெளியூரிலிருந்து வந்த வண்ணம் தீட்டிய கலங்கள், பச்சைக்கல் கோடரி, எரிமலைக் கண்ணாடிக் கத்தி ஆகியவை கிடைத்தன. கத்தியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் கூரையில் செருகி வைத்திருந்தார்கள் என்று ஆசிரியர் சொன்னபோது, வகுப்பில் இருந்த அம்மாக்கள் எல்லோரும் ஒரே குரலில் ‘எரவாணத்திலே’ என்றார்கள். எங்கள் அப்பத்தா வீட்டில் பன்னரிவாள் இருந்த இடமும் அதுதான்.

ஒரு வீடு சுரைக்குடுவையில் வண்ணம் தீட்டியது. இன்னொரு வீடு அரைக்கும் கல் செய்தது. தன் தேவைக்கு மேல் செய்ததைக் கொண்டுபோய்த் தனக்கு இல்லாததை மாற்றிக்கொண்டது. அந்த ஊரை நெடுங்காலம் அகழ்ந்த பேய்சன் ஷீட்ஸ் சொல்லும் ஒரு கருத்து நினைவில் நிற்கும். அந்தப் பள்ளத்தாக்கில் சந்தை கூடும் ஊர்கள் ஒன்றுக்கு மேல் இருந்தன; ஓர் ஊரில் மாற்று விலை கட்டாவிட்டால் உழவர் அடுத்த ஊருக்குப் போகலாம்; ஆகவே மேலோர்தான் உழவரின் சரக்குக்காகப் போட்டியிட வேண்டியிருந்தது. மேலூர் சந்தையில் விலை படியாதவர் வேறு சந்தைக்கு வண்டி கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், எனக்கு இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஆனால் இது வசதி, பேரம் பேசும் வலு. இதையே சமூக உயர்வு என்று கணக்கில் சேர்ப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கடைசி வாரத்துக்கு வரும்போது அதைச் சொல்கிறேன்.

அடுத்து கலாக்முல். மெக்சிகோவின் அந்தப் பெருநகரத்தில் 2004-இல், ஒரு படிக்கட்டுக் கட்டடத்தின் வெளிச்சுவரில், 7-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் வெளிப்பட்டன. அரசனும் இல்லை, போரும் இல்லை, தெய்வமும் இல்லை. ஒருவர் மக்காச்சோளக் கூழை ஊற்றுகிறார், ஒருவர் வாங்கிக் குடிக்கிறார். ஒருவர் இலையில் பொதிந்த மாவுப் பண்டத்தைக் கொடுக்கிறார். நீல மெல்லாடை அணிந்த ஒரு பெண், எளிய உடையில் உள்ள இன்னொரு பெண்ணின் தலையில் பெரிய பானையை ஏற்றிவிடுகிறாள். பக்கத்தில் எழுத்து: ‘அஹ் உல்’, கூழ்க்காரர், ‘அஹ் இஷிம்’, சோளக்காரர், ‘அஹ் அட்ஸாம்’, உப்புக்காரர், ‘அஹ் மாய்’, புகையிலைக்காரர். இது சந்தைக் காட்சி என்பாரும், மேலோர் நடத்திய விருந்துப் பங்கீடு என்பாரும் உண்டு. ஆசிரியர் இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொல்லி முடிவைக் கேட்பவரிடம் விட்டார். அந்தத் திரைக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார வைத்ததற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன். நாளங்காடியை எழுத்தில் படித்தே பழகிய நமக்கு, ஓர் அங்காடியைக் கண்ணால் பார்ப்பது வேறு அனுபவம்.

ஆனால் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்தச் சுவரில் இருப்பவர்களுக்குத் தொழில் எழுதப்பட்டிருக்கிறது, பெயர் எழுதப்படவில்லை. கூழ்க்காரர் யார் என்று தெரியாது. மதுரையிலிருந்து வடக்கே அழகர்மலைக்குப் போய், கிடாரிப்பட்டிப் பக்கம் மலையேறினால், குகையின் நெற்றியில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழி எழுத்தில் ‘உப்பு வணிகன் வியகன்’ என்று பொறித்திருக்கிறது. கொழு வணிகன் எளசந்தன் இருக்கிறான். மதுரைப் பொற்கொல்லன் ஒருவன் ஆதன் என்ற பெயரோடு இருக்கிறான். அங்கே உப்புக்காரர், இங்கே உப்பு வணிகன் வியகன். என் தொழிலில் இந்த வேறுபாடுதான் எல்லாம். ‘உப்பு விற்பவர்’ என்று எழுதினால் அது வருணனை. வியகன் என்று எழுதினால் அவர் பத்திரத்தில் ஒரு தரப்பு, கொடுக்கவும் வாங்கவும் தகுதி உள்ளவர்.

இதனால் நம் பழந்தமிழகத்தில் மேல் கீழ் இல்லை என்று சொல்ல வரவில்லை. துறவிகளுக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுக்கும் அளவுக்குப் பொருள் சேர்த்தவர்கள்தான் அந்தக் குகையில் பெயர் பொறித்துக்கொண்டார்கள். ஆனால் கீழடிக்குப் போய்ப் பானை ஓடுகளைப் பாருங்கள். அன்றாடம் புழங்கிய பானையின் தோளில் ஆதன், குவிரன் என்று கீறியிருக்கிறார்கள். மாயர்களும் கலத்தில் பெயர் எழுதியவர்கள்தாம். கொக்கோ குடிக்கும் வண்ணக் கோப்பையின் விளிம்பைச் சுற்றி, இது இன்னாருடைய குவளை என்று அழகாகத் தீட்டி வைத்தார்கள். ஆனால் அந்த இன்னார் எப்போதும் அரசர், இளவரசர், பிரபு. எழுத்து எந்தப் படி வரைக்கும் இறங்கியது என்பதே படிநிலையை அளக்கும் கோல் என்று நான் நினைக்கிறேன். கையேட்டின் 84 பக்கங்களில் இதற்கு ஒரு வரி இல்லை.

ஐந்தாம் வாரம் அடிமைகளையும் போர்க் கைதிகளையும் பற்றியது. போனம்பக் என்ற மாயர் நகரத்தின் சுவரோவியங்களில் நகத்திலிருந்து குருதி சொட்ட உட்கார்ந்திருக்கும் கைதிகளின் படத்தை, பிள்ளைகளும் இருந்த வகுப்பில் முன்னறிவிப்பில்லாமல் காட்டியிருக்க வேண்டாம். மற்றபடி செய்திகள் கனமானவை. 1566-ஐ ஒட்டி ஸ்பானியப் பாதிரியார் தியேகோ தே லாந்தா எழுதிவைத்தபடி, திருடியவன் பொதுஆள் என்றால், திருடியது எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அடிமையாக்கப்பட்டான். திருடியவன் மேலோன் என்றால் ஊரைக் கூட்டி அவன் முகத்தின் இரு பக்கமும் தாடையிலிருந்து நெற்றி வரை பச்சை குத்திவிட்டார்கள். ஒருவனுக்கு இழப்பு விடுதலை, இன்னொருவனுக்கு இழப்பு முகம். அடிமையின் பிள்ளைகளும், மீட்கப்படும் வரை அடிமைகளாகவே இருந்தார்கள். இதே லாந்தாதான் 1562-இல் மானி என்ற ஊரில் மாயர்களின் ஏடுகளைக் குவித்து எரித்தவர். இன்று உலகில் எஞ்சியிருக்கும் பழைய மாயர் ஏடுகள் நான்கே நான்கு. ஏட்டை எரித்தவரின் ஏட்டை நம்பித்தான் எரிக்கப்பட்டவர்களைப் பற்றி இன்று பேச வேண்டியிருக்கிறது. அன்று இரவு மேலூர் போகும் பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

இந்த வாரத்தில் காட்டிய கூம்பு வரைபடத்தை அடுத்த தொகுதிக்கு முன் எடுத்துவிட வேண்டும். உச்சியில் அரசன், கீழே பிரபு, பூசாரி, வணிகர், உழவர், அடியில் அடிமை என்று ஆறு பட்டைகள். பார்த்தால் அடிமைகள்தான் எண்ணிக்கையில் மிகுதி என்று தோன்றும். உண்மையில் அந்தச் சமூகத்தைத் தாங்கியவர்களும் பெருந்தொகையினரும் உழவர்கள். பூசாரிகளும் நெடுந்தொலைவு வணிகர்களும் பெரும்பாலும் பிரபு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களைத் தனிப் பட்டையாகப் பிரித்தது படம் வரைந்தவரின் வசதிக்கு. பட்டைக்குப் பட்டை கோடு நேராகப் போட்டிருப்பதால், பெலீசில் உள்ள கராகோல் நகரத்தைப் போல, சாதாரணக் குடியிருப்புகளிலும் கல்லறையும் நல்ல கலங்களும் பரவலாகக் கிடைக்கும் இடங்களை எந்தப் பட்டையில் வைப்பது என்று யாருக்கும் புரியவில்லை.

கடைசி வாரத்துக்கு வருகிறேன். விளம்பரத் துண்டறிக்கையில் ‘மாயர் சமூகத்தில் உழவரும் உயரலாம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். போட்டித் தேர்வுப் பிள்ளைகளில் பாதிப் பேரை அந்த வரிதான் இழுத்து வந்திருக்கும். அதற்கு வகுப்பில் காட்டிய சான்றுகளை, வில்லங்கச் சான்று பார்க்கும் கண்ணோடு பார்த்தேன்.

முதற்சான்று கிரிகுவா. கோப்பானுக்கு அடங்கிய சிறு நகரமான அதன் தலைவன், 725-இல் கோப்பான் அரசனின் மேற்பார்வையில் பதவி ஏற்று, 738-இல் அதே அரசனைப் பிடித்துத் தலையை வெட்டினான். பிறகு 771-இல் பத்து மீட்டருக்கு மேல் உயரமான கல்லை நட்டுத் தன்னைப் பாடிக்கொண்டான். கதை விறுவிறுப்பானது, ஆசிரியரும் நன்றாகச் சொன்னார். ஆனால் ஏறியவன் ஏற்கெனவே ஒரு தலைவன். சிற்றரசன் பேரரசனானதை உழவன் உயர்ந்ததற்குச் சான்றாக எந்தப் பதிவாளரும் ஏற்க மாட்டார்.

இரண்டாவது கொன்சாலோ கெரேரோ. 1511-இல் கப்பல் உடைந்து கரை ஒதுங்கி, அடிமையாகி, பின்னர் செத்துமால் பகுதித் தலைவனின் போர்த்தளபதியாக உயர்ந்து, உயர்குடிப் பெண்ணை மணந்து, 1519-இல் ஸ்பானியர்கள் அழைத்தபோதும் திரும்ப மறுத்த ஸ்பானியர் அவர். அடிமைநிலையிலிருந்து தளபதி வரை ஏறியது உண்மைதான். ஆனாலும் அவர் வெளியாள். எதிரியின் போர்முறையை அறிந்தவர் என்பதால் வேண்டப்பட்டவர். அந்த ஊர் அடிமை ஒருவனுக்கு அந்த வழி திறந்திருந்ததா என்ற கேள்விக்கு அவர் பதில் ஆகமாட்டார்.

மூன்றாவதுதான் பிள்ளைகளைத் துள்ள வைத்தது. யுகத்தானில் ஊர்த்தலைவர்களின் தகுதியைச் சோதிக்க, பெருந்தலைவர் விடுகதை போடும் வழக்கத்தைச் ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் மாயர் மொழியில் எழுதப்பட்ட, சுமயேல் ஊரின் சிலாம் பாலம் ஏடு பதிந்திருக்கிறது. சூரியனைக் கொண்டுவந்து என் தட்டில் வை, அதன் நெஞ்சில் ஈட்டி குத்தியிருக்க வேண்டும், அதன் மேல் பச்சைப் புலி உட்கார்ந்து குருதி குடிக்க வேண்டும் என்பது ஒரு கட்டளை. சூரியன் என்பது பொரித்த முட்டை. ஈட்டி அதன் மேல் இடும் ஆசிச் சிலுவை. பச்சைப் புலி பச்சை மிளகாய். விடை தெரியாத தலைவன் பதவியை இழப்பான். ‘சார், அப்படியென்றால் இது தேர்வுதானே?’ என்று ஒரு பையன் எழுந்து கேட்டான். ஆசிரியர் ஆமென்று தலையசைத்துக் கடந்துபோனார். இங்கேதான் அவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. அந்த விடைகள் தந்தையிடமிருந்து மகனுக்குப் போனவை. அல்மெஹென் குடும்பத்தில் பிறந்தவனுக்கு விடை வீட்டிலேயே கிடைக்கும். மற்றவனுக்குக் கேள்வியே புரியாது. உள்ளே வருபவரைத் தேர்ந்தெடுக்க வைத்த தேர்வு அன்று; வெளியிலிருந்து நுழைந்துவிட்டவரைக் கண்டுபிடிக்க வைத்த தேர்வு. ராப்பகலாகப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பையனிடம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

உண்மையில், ஆசிரியரே மூன்றாம் வாரத்தில் சொன்ன ஷுல்துன் அறையையும், 8-ஆம் நூற்றாண்டில் அரசர் அல்லாத பிரபுக்களும் தங்கள் பெயரில் கல்வெட்டு வைக்கத் தொடங்கியதையும் இணைத்திருந்தால், மேல்தட்டுக்குள்ளேயே நடந்த ஏற்ற இறக்கத்தை நேர்மையாகக் காட்டியிருக்கலாம். அதன் பிறகு அரசமரபுகள் ஒவ்வொன்றாக அணைந்து, 909-இல் தோனினா நகரத்தில் பொறித்த தேதியோடு, நாள்களைத் தொடர்ந்து எண்ணும் ‘நெடுங்கணக்கு’ நாள்காட்டிக் கல்வெட்டுகள் நின்றுபோயின. குஹுல் அஹாவ் என்ற பட்டம் மறைந்தது. மாயர் இன்றும் அதே மண்ணில் சோளம் விதைக்கிறார்கள். அந்த இறக்கத்தைப் பற்றி ஆறு வாரத்தில் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. துண்டறிக்கையின் வாக்குறுதியைக் காப்பாற்றும் அவசரத்தில் வகுப்பு தன் நல்ல சரக்கைக் கடை ஓரத்தில் வைத்துவிட்டது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். நான்காம் வாரம் மட்டும் என்றால் ஐந்து. இரண்டாம் வரிசையில் உட்காருங்கள். மின்விசிறிச் சத்தம் அங்கே குறைவு. கையேட்டை நம்பிப் பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள்; ஆசிரியர் வாயைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். தேர்வுக்குப் பயன்படும் என்று எண்ணிச் சேர வேண்டாம். எந்த வினாத்தாளிலும் இது வருவதற்கில்லை.

கருத்துப் படிவத்தில் இவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுத வேண்டியதாயிற்று. மறுவாரம் ஆசிரியரே தொலைபேசியில் அழைத்து, அட்டைப் படத்தை மாற்றிவிடுவதாகச் சொன்னார். கூம்பு வரைபடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். விடுகதையைப் பற்றி நான் சொன்னதை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அது அவர் உரிமை. ஆனால் அடுத்த தொகுதியில், நான்காம் வாரத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், விருப்பமுள்ளவர்களை வேன் வைத்துக் கிடாரிப்பட்டி மலைக்கு அழைத்துப்போய் வியகனைக் காட்டப் போவதாகவும், அதற்கு 200 ரூபாய் கூடுதலாகும் என்றும், மேலூர்க்காரர்கள் வழியில் ஏறிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.